சிவப்பு மையும் கடைசி வரிசையும்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை ஓர் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையின் நினைவாக ஏற்பட்டது. என்னை அழைக்க வந்த அவருடைய பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "அம்மா வகுப்புக்கு எத்தனையோ அதிகாரிங்க வந்திருப்பாங்க. அவங்க சொன்னது ஏதாவது ஒண்ணை அம்மா வீட்டுல வந்து சொன்னதுண்டா?" மூத்தவர் யோசித்துப் பார்த்தார். "ஆண்டாய்வுக்கு முந்தின நாள் ராத்திரி சார்ட் ஒட்ட நாங்க பசை காய்ச்சிக் கொடுத்தது ஞாபகம் இருக்கு சார்" என்றார்.

மைதா மாவுப் பசை. பதினைந்து ஆண்டு ஆசிரியனாக இருந்து நானும் அதைக் காய்ச்சியவன்தான். பிறகு இருபது ஆண்டு ஆய்வு அலுவலராக இருந்து, அந்தச் சார்ட்டுகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஜீப் ஏறியவனும் நான்தான். இரண்டு பக்கமும் நின்ற பாவம் என்னோடு இருப்பதால், இன்று கொஞ்சம் என்னைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1984இல் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தேன். இருபத்து மூன்று வயது, மூன்றாம் வகுப்பு. சேர்ந்த ஐந்தாம் மாதம் ஆண்டாய்வு. ஒரு வாரம் முன்பிருந்தே பள்ளிக்கூடம் கல்யாண வீடானது. சுண்ணாம்பு அடித்தோம். சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தளவாடப் பதிவேடு வரைக்கும் பழுப்புத்தாள் அட்டை போட்டோம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை முன்வரிசைக்கு நகர்த்தினோம். படிக்காத இரண்டு பேரிடம் தலைமையாசிரியர் தனியாகப் பேசினார். மறுநாள் அவர்கள் வரவில்லை. ஆய்வாளர் வந்தார். தலைமையாசிரியர் அறையில் இரண்டு மணி நேரம் பதிவேடுகளைப் பார்த்தார். என் வகுப்புக்கு வந்தது மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். ஒரு சிறுமியை எழுப்பி, தமிழ்நாட்டின் முதலமைச்சர் யார் என்று கேட்டார். எம்.ஜி.ஆர். என்றாள். அந்த ஒரு பதிலுக்கு நாங்கள் தயாரிக்கவே தேவையிருக்கவில்லை. என் பாடக்குறிப்பேட்டைப் புரட்டினார், இரண்டு நாள் எழுதாமல் விட்டிருந்ததைக் கண்டார், சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார், போனார்.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து ஒரு வாரத்துப் பாடக்குறிப்பை மொத்தமாக எழுதிவிட வேண்டும். பதினைந்து ஆண்டும் அதைத் தவறாமல் செய்தேன். என் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்த ஆறு பேரைப் பற்றி எனக்கும் அவருக்கும் பேச்சே வரவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. அவர் எழுதும் அறிக்கை எனக்காக எழுதப்பட்டதில்லை, அவ்வளவுதான். அது மேலே போக வேண்டியது. மேலே இருப்பவர் கேட்டால் 'பார்த்தேன், குறித்தேன்' என்று காட்ட வேண்டியது. நம் நாட்டில் பள்ளி ஆய்வு பிறந்த விதம் அப்படி. 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை, மாகாணத்துக்கு மாகாணம் கல்வித்துறை ஒன்றை அமைத்து ஆய்வாளர்களை நியமிக்கச் சொன்னது. அரசு மானியம் வாங்கும் பள்ளி அந்தப் பணத்துக்குத் தக்கபடி நடக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். ஆய்வாளர் பிறக்கும்போதே தணிக்கையாளராகப் பிறந்தார். சென்னையில் அப்படி அமைந்த துறையின் தலைமைப் பதவியைக் குறிக்கும் மூன்று எழுத்துகள்தான் டி.பி.ஐ. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் அந்தப் பெயரால் வழங்கிய வளாகத்துக்கு இன்று பேராசிரியர் அன்பழகன் பெயர் சூட்டியிருக்கிறது. ஆனாலும் என் தலைமுறை ஆசிரியர் இன்னமும் 'டி.பி.ஐ.யில் ஒரு வேலை' என்றுதான் பஸ் ஏறுகிறார்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1862இல் அங்கே ஒரு திருத்த விதி வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஆய்வாளர் குழந்தையைத் தனித்தனியாகச் சோதிப்பார். தேறினால் பள்ளிக்குக் குழந்தை ஒன்றுக்கு 8 ஷில்லிங் மானியம். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. பள்ளிக்கூடங்கள் என்ன செய்தன என்று நீங்களே ஊகிப்பீர்கள். பாடப்புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆக்கிவிட்டார்கள். புத்தகத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தால் போதும், கண் எங்கே இருந்தாலும் வாய் ஓடும். இதைப் பார்த்து மனம் கசந்து அறிக்கைக்கு அறிக்கை கண்டித்தவர், அந்த விதியைச் செயல்படுத்தச் சம்பளம் வாங்கிய ஓர் ஆய்வாளர்தான்: மாத்யூ ஆர்னால்ட் என்ற கவிஞர். 1851 முதல் 1886 வரை முப்பத்தைந்து ஆண்டு அந்த வேலையில் இருந்தார். தேர்ச்சிக்குத் தகுந்த மானியம் சென்னை மாகாணத்துக்கும் 1860களில் வந்து சேர்ந்தது. கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் 1904இல் அதைக் கைவிடச் சொன்னது.

விதிதான் போனது, பழக்கம் போகவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் கூட்டம் கூட்டி, தேர்ச்சி விழுக்காடு குறைந்த பாட ஆசிரியர்களை எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் எனக்குத் தெரிந்து ஒரு மாவட்டத்தில் நீண்ட காலம் இருந்தது. ஐம்பது வயதுக் கணக்கு ஆசிரியர் ஒருவர் இருநூறு பேர் நடுவில் கைகட்டி நின்றார். அவர் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு மூன்றாண்டாகக் கணக்கு ஆசிரியரே இல்லை என்பது அந்தக் கூட்டத்தில் எவர் கையிலும் இருந்த தாளில் இல்லை. அடுத்த ஆண்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? ஐந்து மதிப்பெண் வினாக்களில் நான்கைத் தேர்ந்தெடுத்து, தேறமாட்டார்கள் என்று தோன்றியவர்களை மனப்பாடம் செய்ய வைத்தார். விழுக்காடு ஏறியது. பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தது. ஆர்னால்ட் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

1999இல் உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் ஆனேன். என் பொறுப்பில் 78 பள்ளிகள். அந்த அலுவலகத்தின் உண்மையான வேலை என்ன என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது: ஊதியப் பட்டியல், பி.எஃப். கடன், ஈட்டிய விடுப்பு, ஊதிய உயர்வு, பணிப்பதிவேட்டில் பதிவு, நீதிமன்ற வழக்குக்குப் பதில். மாலை நாலரை மணிக்கு அலுவலக வாசலில் ஆசிரியர்கள் வரிசையாக நிற்பார்கள். மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்டு விண்ணப்பித்தவரின் கோப்பு என் மேசையில் இருக்கும். மறுநாள் காலை அவர் வகுப்பில் போய் உட்கார்ந்து, 'உங்களுக்குக் கற்பிக்கிறதுல எது கஷ்டமா இருக்கு?' என்று நான் கேட்டால், அவர் என்ன சொல்வார்? 'ஒண்ணும் கஷ்டமில்லீங்க ஐயா' என்பார். கடன் தாளில் கையெழுத்துப் போடுகிற கையிடம் எவரும் தன் புண்ணைக் காட்ட மாட்டார்.

ஆசிரியர் மேற்பார்வை பற்றி நம் ஊரில் பேசுகிறவர்கள் இந்த ஒரு முடிச்சைத் தொடுவதே இல்லை. படிவத்தை மாற்றுகிறார்கள், செயலியை மாற்றுகிறார்கள், பதவிப் பெயரை மாற்றுகிறார்கள். (2018இல் நாங்கள் வட்டாரக் கல்வி அலுவலர் ஆனோம். ஓய்வு பெற எனக்கு ஓராண்டே இருந்தது. புது ரப்பர் முத்திரை செய்த காசுதான் செலவு.) சம்பளமும் ஆலோசனையும் ஒரே கையிலிருந்து வரும்வரை, ஆலோசனை எச்சரிக்கையாகத்தான் காதில் விழும். அனைவருக்கும் கல்வித் திட்டத்தில் வட்டார வளமையங்களுக்கு ஆசிரியர் பயிற்றுநர்கள் வந்தபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது. அவர்கள் கையில் மெமோ இல்லை. கொஞ்ச காலம் ஆசிரியர்கள் அவர்களிடம் மனம் விட்டுப் பேசினார்கள். 'சார், எனக்கே பின்னம் சரியா வராது, அதைக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்க' என்று ஓர் ஆசிரியை கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். பிறகு அவர்கள் கையில் புள்ளிவிவரப் படிவங்கள் கொடுக்கப்பட்டன. கழிப்பறை எத்தனை, குடிநீர்க் குழாய் எத்தனை என்று எண்ணப் போனவர் வகுப்புக்குள் நுழைய நேரமில்லாமல் திரும்பினார்.

இனி, நான் எப்படிக் கொஞ்சம் மாறினேன் என்பதைச் சொல்கிறேன். அதற்குக் காரணம் ஓர் உடைந்த நாற்காலி.

ஒரு சிறிய பள்ளி. மூன்றாம் வகுப்பு ஆசிரியை கழித்தல் நடத்திக்கொண்டிருந்தார். எனக்குப் போட்ட நாற்காலியின் கால் ஆடியது. வேறொன்று எடுத்து வரத் தலைமையாசிரியர் ஓடினார். நான் நிற்கச் சங்கடப்பட்டு, கடைசி வரிசையில் ஒரு பையன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஆசிரியை அருமையாக நடத்தினார். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்தார். 52 குச்சியில் 27 எடுக்க வேண்டும். ஒரு கட்டைப் பிரித்து உதிரியாக்கினார். "என்ன பண்ணணும்?" என்று கேட்டார். வகுப்பே கத்தியது: "பத்து கடன் வாங்கணும்!" என் பக்கத்துப் பையன் குரல்தான் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது. அவன் நோட்டைப் பார்த்தேன். 52 கழித்தல் 27, விடை 35. அடுத்த கணக்கும் அப்படியே. முன்னால் இருந்த நான்கு பேர் நோட்டை எட்டிப் பார்த்தேன். மூன்றில் 35.

நாற்காலி நன்றாக இருந்திருந்தால் நான் கரும்பலகை ஓரமாக உட்கார்ந்து, 'துணைக்கருவி பயன்படுத்திக் கற்பித்தது பாராட்டுக்குரியது' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அது பொய்யும் இல்லை.

ஆனால் அன்றைக்கும் நான் முதலில் கெடுக்கத்தான் செய்தேன். வகுப்பு முடிந்ததும், "டீச்சர், உங்க பசங்களுக்குக் கழித்தலே வரலியே" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "நான் நடத்துனதைப் பார்த்தீங்கதானே சார்?" என்றார். இருவரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். பிறகு எப்படியோ எனக்குப் புத்தி வந்து அந்தப் பையனின் நோட்டை அவர் முன்னால் வைத்தேன். "இவன் இந்த 35ஐ எப்படிக் கொண்டு வந்திருப்பான்?" அவர் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு எண்ணினார். "ரெண்டுல ஏழு போகாதுன்னு ஏழுல ரெண்டைக் கழிச்சிருக்கான்... அஞ்சு. அஞ்சுல ரெண்டு, மூணு." நிமிர்ந்தார். "அப்ப குச்சி வேற, நோட்டு வேறன்னு நினைச்சிருக்கான் சார்." இதை எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவர்தான் கண்டுபிடித்தார். குச்சி எடுக்கும்போதே நோட்டிலும் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். நான் செய்தது நோட்டை எடுத்து வைத்தது மட்டும்.

பின்னூட்டம் என்று இப்போது ஒரு சொல் வந்திருக்கிறது. அது எப்போதும் நன்மையே செய்யும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். க்ளூகர், டெனிசி என்ற இரண்டு உளவியலாளர்கள், பின்னூட்டம் பற்றி அதுவரை நடந்த பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 1996இல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பயன் உண்டு. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் அதைக் கேட்ட பிறகு வேலை முன்னைவிடக் கெட்டிருந்தது. பேச்சு வேலையிலிருந்து விலகி ஆளின் மீது திரும்பும்போது கேடு வருகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். திட்டு மட்டும் இல்லை, பாராட்டும் ஆளின் மீது விழுந்தால் அதே கதைதான். 'நீங்க ரொம்ப நல்ல டீச்சர்' என்று சொல்லிவிட்டு வந்தால் அவர் மறுநாள் எதை மாற்றுவார்?

நம்மவர்களுக்கு ஒரு வித்தை உண்டு. 'நல்லாத்தான் பண்றீங்க, ஆனா...' அந்த 'ஆனா' வந்ததும் முன்னால் சொன்னது காற்றில் போய்விடும். ஆசிரியர் அந்த 'ஆனா'வுக்காகத்தான் காத்திருக்கிறார்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1950களின் இறுதியில் பயிற்சி ஆசிரியர்களைப் பார்க்கப் போன மாரிஸ் கோகன், ராபர்ட் கோல்ட்ஹாமர் ஆகியோர் இதே சிக்கலில் மாட்டினார்கள். பார்த்தோம், சொன்னோம், ஒன்றும் மாறவில்லை. அவர்கள் கொண்டு வந்த முறைக்கு 'கிளினிக்கல்' மேற்பார்வை என்று மருத்துவத் துறையிலிருந்து பெயர் எடுத்தார்கள். அதில் என்னைக் கவர்ந்தது ஒன்றுதான்: வகுப்புக்குள் நுழையும் முன்பே ஆசிரியரோடு உட்கார்ந்து, 'இன்னிக்கு நான் எதைப் பார்க்கட்டும்?' என்று கேட்பது. எதைப் பார்ப்பது என்பதை ஆசிரியர் தீர்மானிக்கிறார். இந்தக் கேள்வியை நான் முதன்முதலில் கேட்டபோது ஒரு தலைமையாசிரியர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஏதோ புது மாதிரி விசாரணை என்று நினைத்திருக்க வேண்டும்.

ஓர் ஆசிரியை மட்டும் நேராகப் பதில் சொன்னார். ஐந்தாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள். "பாதிப் பேரு வாயே திறக்க மாட்டேங்கிறாங்க சார். ஏன்னு பாருங்க." நான் ஒரு தாளில் நாற்பது கட்டம் போட்டேன், அவர்கள் உட்கார்ந்திருந்த வரிசைப்படி. ஆசிரியை யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. வேறெதுவும் எழுதவில்லை. பாடம் முடிந்ததும் தாளை அவரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எங்கள் உத்தியோகத்தில் மிகக் கடினமான வேலை. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜன்னல் பக்கம் ஒண்ணுமே இல்லியே சார்" என்றார். கதவோரம் இரண்டு வரிசையில் கோடுகள் குவிந்திருந்தன. ஜன்னலோரத்துப் பதினான்கு கட்டங்கள் வெள்ளையாக இருந்தன.

மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர், அமெரிக்க வகுப்பறைகளை ஒலிநாடாவில் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட பின் ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக்கினால் பதில் நீளுகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். இதை அந்த ஆசிரியையிடம் அன்றே சொல்லியிருக்கலாம். நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று போதும். ஜன்னல் பக்கத்தை அவர் பார்த்துக்கொள்ளட்டும், மூன்று வாரம் கழித்து வருகிறேன், பிறகு மற்றதைப் பேசலாம் என்று கிளம்பினேன்.

அந்த மூன்று வாரத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் சில விஷயங்கள்.

2007-08இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுதும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, கற்றல் ஏணிப்படியில் தம் இடத்தைப் பார்த்து, அட்டையை எடுத்துக் கற்க வேண்டியிருந்தது. கரும்பலகை சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளைகளுக்கு. ஆசிரியரும் பாயில். நாங்கள் ஆய்வுப் படிவத்தோடு போய் நின்றோம். 'ஆசிரியரின் குரல்', 'கரும்பலகைப் பயன்பாடு', 'வகுப்புக் கட்டுப்பாடு' என்று கட்டம் கட்டமாக இருந்த எதுவும் அந்த அறையில் இல்லை. முதன்முறையாக அதிகாரிக்குப் பார்க்க எதுவும் இல்லை, பிள்ளைகளைத் தவிர. அந்த முறையின் குறைகளை நான் அறிவேன். அட்டைகள் தொலைந்தன, ஏணியில் முன்னேறாமலே முன்னேறியதாகப் பதிவு நடந்தது. ஆனால் ஆய்வாளர்களாகிய எங்களைத் தரையில் உட்கார வைத்த ஒரே சீர்திருத்தம் அதுதான். அந்த வாய்ப்பை நாங்கள் வீணடித்தோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். விரைவிலேயே, எந்தப் பிள்ளை எந்தப் படியில் என்ற பதிவேட்டைச் சரிபார்ப்பவர்களாக மாறிவிட்டோம்.

இன்னொன்று. 'பள்ளிக்கூடத்துக்கே வராத ஆசிரியரிடமும் நோட்டை எடுத்து வைத்துப் பேசுவீர்களா?' என்று இளம் அலுவலர்கள் கேட்கிறார்கள். மாட்டேன். அதற்கு ஒழுங்கு நடவடிக்கை விதி 17ஆ இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கையைத் தயங்காமல் எடுக்க வேண்டும், நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் என் 78 பள்ளிகளில் அப்படிப்பட்டவர்களை ஒரு கை விரல்களால் எண்ணலாம். அந்த நான்கைந்து பேருக்காகச் செய்த ஆயுதத்தைத் தூக்கிக்கொண்டு மற்ற எல்லார் வகுப்புக்கும் போனதுதான் எங்கள் தவறு.

எங்கள் தவறுகளுக்குப் பழைய உவமைகளும் உண்டு. நன்னூல் பாயிரம் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமை சொல்லும்; ஆகாத ஆசிரியருக்கும் நான்கு. அவை எங்கள் இனத்துக்கே எழுதியது போல இருக்கும். கழற்குடம்: போட்ட முறையில்லாமல் கழற்காய் கொட்டுவது போல, ஒரே மூச்சில் இருபது குறை சொல்லிவிட்டுப் போகிறவர். மடற்பனை: தானாக விழுந்தால் உண்டு, ஏறிப் பறிக்க முடியாது, இவரிடம் எவரும் போய்க் கேட்க முடியாது. பருத்திக் குண்டிகை: சுற்றறிக்கையை அடைத்து அடைத்து வைத்துக்கொண்டு, கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக் கொடுப்பவர். முடத்தெங்கு: வேரில் தண்ணீர் ஊற்றியவர் ஒருவர், காய் விழுவது அடுத்தவர் தோட்டத்தில். ஆய்வு ஆசிரியரின் வகுப்பில் நடக்கிறது, பயன் மாவட்ட அலுவலகத்துக் கோப்பில் விழுகிறது. நன்னூல் எழுதிய பவணந்தியாருக்கு எங்களைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சரி, அந்த மூன்று வாரம். நான் போகவில்லை. தேர்தல் அறிவிப்பு வந்தது. வாக்குச்சாவடிப் பயிற்சி, பட்டியல், வண்டி, பிறகு ஆண்டுத் தேர்வு, பிறகு பொது மாறுதல் கலந்தாய்வு. நானும் வேறு ஒன்றியத்துக்கு மாறினேன். ஏழெட்டு ஆண்டு கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் அந்த ஆசிரியையைப் பார்த்தேன். அவர்தான் அடையாளம் கண்டு வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"மூணு வாரமும் ஜன்னல் பக்கம் பாத்துப் பாத்துக் கேட்டேன் சார். நீங்க வருவீங்கன்னு பசங்ககிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். வரல. கோவமா இருந்துச்சு" என்றார். "அப்புறம் பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டு, பின்னாடி உக்காந்து கட்டம் போட்டுத் தாங்கன்னு கேட்டேன். அவங்களுக்கு நான் போட்டுக் கொடுத்தேன். இப்பவும் மாசம் ஒருநாள் போட்டுக்கிறோம்."

ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் தயாரித்து, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்துக் குறித்துக்கொள்ளும் வழக்கம் மெய்ஜி காலத்திலிருந்து வருகிறது. முடிந்ததும் நடத்தியவர்தான் முதலில் பேசுவார். அதைப் பற்றி ஒரு பயிற்சியில் நான் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். இந்த இரண்டு பேருக்கும் ஜப்பான் தெரியாது. ஒரு தாளும் பக்கத்து வகுப்பும் இருந்தது.

"தலைமையாசிரியருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் சார். ரெக்கார்டு எதுவும் வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டோம். எழுதி வச்சா யாராவது கேப்பாங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க வராம இருந்ததும் நல்லதாப் போச்சு சார்" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பேருந்தில் ஏறிக்கொண்டார்.